கேட்காமல் வர வேண்டிய தட்டு

எங்கள் ஊருக்கு மாற்றலாகி வருகிறவர்களை நான் முதலில் சட்டைக் காலரில்தான் சந்திக்கிறேன். முகம் பிறகுதான். குடும்பத்தோடு வந்தவர் என்றால் மூட்டையில் பள்ளிச் சீருடை, மேசை விரிப்பு, பெண்களின் மேலங்கி எல்லாம் கலந்து வரும். தனியாக வந்தவர் என்றால் சனிக்கிழமை காலையில் அந்த வாரத்துச் சட்டைகள் மட்டும், ஒரே மாதிரி மடிப்போடும் ஒரே மாதிரி அழுக்கோடும் வரும். கசாமா நொபுயுகியின் சட்டைகள் இரண்டாம் வகை.

என் சலவைக் கடை இச்சினோமியா ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் இருக்கிறது. என் பெயர் ஹிபினோ. அதைக் கடைப் பலகையில் பார்த்தபின்தான் கசாமா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டோக்கியோக்காரர்கள் அப்படித்தான், எழுதி வைத்திருந்தால் நம்புவார்கள்.

ஐம்பத்தாறு வயது. தண்ணீர்ப் பம்பு செய்யும் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து இங்கே கிளைக்குத் துணை மேலாளராக அனுப்பியிருந்தார்கள். மேலாளர் இல்லாதபோது துணை மேலாளர்தான் மேலாளர். அந்தக் கிளையில் மேலாளர் எப்போதும் இருந்தார். ஆகவே கசாமாவுக்கு ஊரைச் சுற்றிப் பார்க்க நிறைய நேரம் கிடைத்தது. ஓய்வு பெறும்வரை இங்கேதான் என்று கம்பெனி சொல்லிவிட்டது. மனைவி ரிட்சுகோ டோக்கியோவிலேயே தங்கிவிட்டார். அவருக்கு அங்கே பாட்டுக் குழு, தோழிகள், நீச்சல் குளம். இச்சினோமியாவில் என்ன இருக்கிறது என்று கணவரைக் கேட்டாராம். நெசவாலைகள் இருந்தன என்று இவர் சொன்னாராம். இப்போது என்ன இருக்கிறது என்று அவர் மறுபடி கேட்டாராம். அந்தக் கேள்வியோடுதான் கசாமா ரயிலேறினார். கடைசியில் மனைவி ஒன்றுக்கு ஒப்புக்கொண்டிருந்தார்: ஒருநாள் வந்து பார்ப்பார், பார்த்துவிட்டு முடிவு சொல்வார். அந்த ஒருநாளுக்கு என்ன காட்டுவது என்பதே கசாமாவின் கவலை. நான்கு வருடம் தனியாக மின்சார அடுப்பில் நூடுல்ஸ் கிண்டுவதா, இல்லையா என்பது அதில்தான் இருந்தது.

அவர் தேட ஆரம்பித்தார். கால்களால் அல்ல, கைப்பேசியால். எந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்த்துக் கொண்டு வந்து என்னிடம் சொல்வார். மாற்றலாகி வருகிறவர்களிடம் இந்தக் குணம் உண்டு. ஒரு மாதத்துக்குள் நம் ஊரை நமக்கே சொல்லித் தருவார்கள். கால்வாய்க்கு அப்பால் ஒரு விலாங்குமீன் கடை இருக்கிறது, வரிசையில் நின்று சாப்பிட்டேன் என்றார். நான் அங்கே போனதேயில்லை என்றதும் திகைத்துப் போனார். யாராவது செத்தாலோ பரீட்சையில் தேறினாலோதான் எங்கள் வீட்டில் விலாங்குமீன், சமீபத்தில் இரண்டும் நடக்கவில்லை என்று விளக்கினேன். அவர் என்மீது இரக்கப்பட்டார்.

அவருக்கு வேண்டியிருந்தது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத கடை. அதையும் கைப்பேசியில்தான் தேடினார். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத கடை என்று எழுநூறு வெளியூர்க்காரர்கள் எழுதியிருந்த ஒரு கடைக்குப் போய், அந்த எழுநூறு பேரில் பாதிப் பேருக்குப் பின்னால் நின்று, ஒரு கிண்ணம் சூப் குடித்துவிட்டு வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். நாலரை நட்சத்திரம் சரிதான் என்றார். சூப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இப்படியிருக்க, ஒரு சனிக்கிழமை அவருடைய கோட்டு இஸ்திரி ஆகவில்லை. பக்கத்துக் கடையில் உட்காரச் சொன்னேன். பக்கத்துக் கடை மிமோசா, காபிக் கடை. நட்சத்திரம் ஏதும் கிடையாது. அதைப் பற்றி யாரும் எழுதியதில்லை. அங்கே போகிறவர்களுக்கு அதைப் பற்றி எழுதத் தோன்றாது, தங்கள் வீட்டுக் குளியலறையைப் பற்றி எழுதத் தோன்றாதது போல.

எங்கள் ஊரில் காலையில் காபி கேட்டால் கூடவே வாட்டிய ரொட்டியும் அவித்த முட்டையும் வரும். தனி விலை இல்லை. வெளியூர்க்காரர்கள் இதைத் தாராளம் என்கிறார்கள். எங்களுக்கு அது காபியின் ஒரு பாகம், கோப்பைக்குக் கைப்பிடி மாதிரி. ஆளுக்கொரு கடை உண்டு. பல் டாக்டரை மாற்றுவோம், காபிக் கடையை மாற்ற மாட்டோம். அவசரத்துக்கு வேறு கடையில் குடிக்க நேர்ந்தால் பின் சந்து வழியாகத்தான் வீட்டுக்குப் போவோம்.

மிமோசாவில் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஜன்னலோரம் தோமிகோ அம்மாளின் இடம், மரியாதையாகத் தோமிகோ சான் என்போம். எதிர்ச்சாரியில் பொத்தான், நூல் விற்கிறவர், எழுபது வயது, நாக்கு மட்டும் இன்னும் முப்பதில் இருக்கிறது. காபி பரிமாறும் மரமேடையின் கோடி என்னுடையது. நாங்கள் உட்காருவோம். கடைக்காரர் கிதோ, அவரை எல்லோரும் மாஸ்டர் என்போம், தட்டைக் கொண்டுவந்து வைப்பார். எனக்குக் கருகலாக வாட்டிய ரொட்டி, தோமிகோ சானுக்கு மெல்லியதாக அறுத்தது. ஒரு வார்த்தை கிடையாது. கேட்காமல் வருவதுதான் எங்கள் ஊரில் பதவி. அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது, சிபாரிசும் செல்லாது.

அன்று கசாமா அதைப் பார்த்துவிட்டார். தோமிகோ சான் உள்ளே வந்தார், குடையை மடக்கினார், உட்காரும்போதே தட்டு வந்துவிட்டது. இவர் நன்றி சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. சாமி புறப்பாட்டைப் பார்ப்பது போலக் கசாமா பார்த்துக் கொண்டிருந்தார். எழுநூறு பேருக்குத் தெரியாதது அவர் கண்முன் நடந்து முடிந்துவிட்டது. அந்த நிமிடமே முடிவு செய்திருக்க வேண்டும்: ரிட்சுகோ வருகிற அன்று தனக்கும் இப்படி வர வேண்டும்.

மாஸ்டர் அவரிடம் போய் என்ன கொடுக்கட்டும் என்று கேட்டார். கசாமா சுவரைப் பார்த்தார். காபி இயந்திரத்துக்கு மேலே பட்டையாக ஒரு மரப் பலகை. அதில் ‘காராமணிப் பூரண ரொட்டி’ என்று எழுதியிருக்கும். சிவப்புக் காராமணியை வேகவைத்துச் சர்க்கரை சேர்த்து மசித்த பூரணம், வெண்ணெய் தடவிய ரொட்டிமேல். இந்தப் பக்கத்து மனிதர்கள் தினமும் அதைத்தான் தின்கிறார்கள் என்று எங்கோ படித்திருக்கிறார். கடை முழுக்கக் கேட்கும்படி, செய்தி வாசிக்கிறவர் போன்ற டோக்கியோ உச்சரிப்பில், அதைச் சொன்னார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அந்தப் பட்டைக்குப் பின்னால் சுவரில் ஒரு தீக்காயம் இருக்கிறது. எப்போதோ எண்ணெயடுப்பு எரிந்து கருகிய இடம். பழைய விலைப் பட்டைகளில் அந்தக் கருகலுக்குச் சரியான அளவில் இருந்தது இது ஒன்றுதான் என்று மாஸ்டர் அதை ஆணியடித்து வைத்தார். மிமோசாவில் பூரண ரொட்டியை யாரும் கேட்டதில்லை. பக்கத்துப் பெருநகரமான நகோயாவில் ரயிலிறங்குகிற விருந்தாளிகள் கேட்பார்கள், அங்கே கொடுப்பார்கள். ஆனால் சுவரில் எழுதியிருப்பதை ஒரு கடைக்காரர் எப்படி இல்லை என்பது? மாஸ்டர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். அவர் மனைவி சுமியே சமையலறைக் கதவு வழியாக வெளியே ஓடி, மூலைக்கடையில் ஒரு டப்பா பூரணம் வாங்கி, பின்வழியாகவே திரும்பி வந்தார். தாமதமானதைக் கசாமா ரசித்தார். இங்கெல்லாம் நிதானமாகச் செய்கிறார்கள், டோக்கியோவில் இந்தப் பொறுமை கிடையாது என்று என்னிடம் சொன்னார்.

மறுநாளும் வந்தார், அதையே கேட்டார். அதற்கடுத்த நாளும். அந்த வாரம் முடிவதற்குள் சுமியேவுக்கு மனசு கேட்கவில்லை. ஆசையாகத் தேடி வருகிற மனிதருக்கு டப்பாவைத் திறந்து வைப்பதா என்று, தானே காராமணி வேகவைக்க ஆரம்பித்தார். அது லேசான வேலையில்லை. முதல் தண்ணீர் துவர்க்கும், கொட்ட வேண்டும். மறுபடி நீர் ஊற்றிச் சிறு தீயில் வைத்துப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். சர்க்கரையை முன்னாலேயே போட்டால் பயறு விறைத்துக்கொள்ளும். இவ்வளவும் கடை திறக்குமுன், ஒரே ஒரு ரொட்டிக்கு.

இனி நான் சொல்லப் போவது மிமோசாவில் யாருக்கும் தெரியாது. இரண்டாவது சனிக்கிழமை கசாமாவின் கோட்டில், வலதுபக்கப் பையில், காகிதத் துண்டில் சுற்றிய பூரணம் இருந்தது. தவறி விழுந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரமும் இருந்தது. அதற்கடுத்த வாரம் இரண்டு பையிலும் இருந்தது. அப்போது புரிந்தது, இந்த மனிதருக்குக் காராமணி தொண்டையில் இறங்காது என்று. ரொட்டியைத் தின்றுவிட்டு, பூரணத்தை வழித்துப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்.

பூரணக் கறையில் முதலில் வெந்நீர் படக்கூடாது, பசையாகி உட்கார்ந்துவிடும். எலும்பில் செய்த மழுங்கல் கத்தியால் சுரண்டி, குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, பிறகுதான் ஆவி காட்ட வேண்டும். அதைச் செய்தேன். அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பையில் கிடப்பதைப் பற்றிப் பேசுகிற சலவைக்காரனுக்கு அடுத்த வாரம் துணி வராது. மோதிரங்களை, ரயில் சீட்டுகளை, வேறு யாருடையவோ கொண்டை ஊசிகளை உறையில் போட்டுச் சட்டையோடு கொடுத்திருக்கிறேன், ஒரு வார்த்தை இல்லாமல். பூரணம் எம்மாத்திரம்.

ஆக, தின்ன முடியாத ஒருவருக்காகச் சமைக்கப் பிடிக்காத ஒருவர் தினமும் விடியுமுன் எழுந்துகொண்டிருந்தார். இது மாதக்கணக்கில் நடந்தது.

காலைதோறும் மாஸ்டர் கசாமாவின் பக்கத்தில் போய் நிற்பார். இன்றைக்கு என்ன கொடுக்கட்டும் என்று கேட்பார். கடையில் வேறு யாரையும் அவர் கேட்பதில்லை. கசாமாவின் முகம் ஒரு கணம் வாடும். இன்னும் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். பிறகு நிமிர்ந்து, இன்னும் உறுதியாக, பூரண ரொட்டி என்பார். உறுதியைத்தான் சோதிக்கிறார்கள் என்பது அவர் கணக்கு.

மாஸ்டர் ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியும். இன்றைக்காவது மாற்றிச் சொல்ல மாட்டாரா என்ற நப்பாசை. கேட்பதை நிறுத்திவிட்டால் அது ஆயுள் தண்டனை ஆகிவிடும் என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அவர் கேட்கக் கேட்க இவர் பிடிவாதமாகச் சொன்னார். இவர் சொல்லச் சொல்ல அவர் நம்பிக்கையோடு கேட்டார். இரண்டு பேரிடமும் உண்மையை யாராவது சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் ஊரில் அதற்கு வழியில்லை. கசாமாவிடம் சொன்னால் அவருக்கு அவமானம், மாஸ்டரிடம் சொன்னால் அவருக்கு அவமானம். இரண்டு பேரும் சிரமப்படுவதுதான் மரியாதை.

இதற்கிடையில் கசாமாவுக்கு ஊர் பிடித்துப் போயிருந்தது. அது அவருக்குத் தெரியாது. சந்து முனை முடிவெட்டுகிறவர் இவர் பின்னந்தலையின் சுழியைப் புரிந்துகொண்டு வெட்டினார். பொரித்த கட்லெட் விற்கிற அம்மாள் உடைந்த துண்டு ஒன்றை இவருக்கென்று காகிதத்தில் மடித்து வைப்பார். பொதுக் குளியலறையில் வெந்நீர் மிகவும் சுடாத மூலை எது என்று கண்டுபிடித்திருந்தார். வாரத்தில் இரண்டு மாலை கால்வாய்க் கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, அங்கே பல்லில்லாத ஒரு நாய்க்கு அந்த உடைந்த கட்லெட்டைப் போடுவார். இதையெல்லாம் ஒருநாளும் மனைவியிடம் சொன்னதில்லை. இவற்றுக்கு நட்சத்திரம் கிடையாதல்லவா. தொலைபேசியில் அவர் சொன்னதெல்லாம் மிமோசா மட்டும்தான். என் கடை வாசலில் நின்று பேசுவார், காதில் விழும். நான் போய் உட்கார்ந்தால் போதும், கேட்கவே வேண்டாம், தானாக வந்துவிடும் என்பார். எதிர்முனையில் ரிட்சுகோ என்ன வரும் என்று கேட்டிருக்க வேண்டும். வழக்கமானதுதான் என்று சொல்லிப் பேச்சை மாற்றினார்.

வசந்த காலத்தில், ஒரு வியாழக்கிழமை, கையில் சட்டை இல்லாமல் கடைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ரிட்சுகோ வருகிறார் என்றார். நல்ல விஷயம்தானே என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

“ஹிபினோ சான், உங்களால ஒரு உதவி ஆகணும். மாஸ்டர் கிட்ட நீங்கதான் சொல்லணும். ஞாயித்துக்கிழமை ஒருநாள் மட்டும்... என்னைக் கேட்க வேண்டாம்னு.”

“கேட்காம?”

“கேட்காம வெச்சிடணும். அவ்வளவுதான். திங்கட்கிழமையிலேர்ந்து வழக்கம்போலக் கேட்கட்டும், நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

ஒரு துணை மேலாளர் குனிந்து கேட்கும்போது முடியாது என்று சொல்ல எனக்குப் பழக்கமில்லை. அன்று மதியம் மிமோசாவில் கூட்டம் ஓய்ந்தபின் போய்ச் சொன்னேன். மாஸ்டர் கோப்பை துடைப்பதை நிறுத்திவிட்டார். சமையலறையிலிருந்து சுமியே எட்டிப் பார்த்தார்.

“ஒருதரம் கேக்காம வெச்சா வெச்சதுதான். மறுநாள் போய் என்ன வேணும்னு கேக்க முடியுமா? இவரு ரிட்டயர் ஆகற வரைக்கும் நான் காராமணி வேகவெக்கணும்.”

“பொண்டாட்டி வர்றாங்கல்ல,” என்றார் மாஸ்டர்.

“அதுக்கு நான் என்ன பண்ணுறது?”

ஜன்னலோரத்திலிருந்து தோமிகோ சான் திரும்பினார்.

“பண்ணு. ஒரு ஆம்பளைக்குப் பொண்டாட்டி முன்னாடி பெருமையடிக்க ஒரு ரொட்டித் துண்டுதான் இருக்குன்னா, அதையும் பிடுங்காத. பாவம்.”

சுமியே உள்ளே போனார். பாத்திரம் வைக்கும் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோமிகோ சான் கடைக்கு வருவதில்லை. அன்று வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வராத இன்னும் நாலைந்து பேரும் வந்திருந்தார்கள். எல்லோரும் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தோம். யாரும் பக்கம் திருப்பவில்லை.

கசாமா மனைவியோடு உள்ளே வந்தார். ரிட்சுகோ உயரமானவர். வெட்டிய நரைமுடி, எடுப்பான மூக்குக் கண்ணாடி. பார்க்கிறதை முழுசாகப் பார்க்கிற கண்கள். கசாமா உட்கார்ந்தார், முதுகை நிமிர்த்திக்கொண்டார், ஒன்றும் நடக்காதது போல ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். மாஸ்டர் வந்தார். பழக்க தோஷத்தில் அவர் வாய் திறந்தது. உள்ளேயிருந்து சுமியே இருமினார். மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு, தட்டைக் கசாமாவின் முன் வைத்தார்.

விருந்தாளி வரும் நாளாயிற்றே என்று சுமியே அன்று பூரணத்தை இரண்டு மடங்கு குவித்திருந்தார். ரொட்டி எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

மாஸ்டர் ரிட்சுகோவிடம் மட்டும் என்ன வேண்டும் என்று கேட்டார். அவர் காபி என்றார். காபியும் வெண்ணெய் ரொட்டியும் முட்டையும் வந்தன. அவர் தன் தட்டைத் தொடவில்லை. கணவரின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, இது யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“உங்களுக்கா?”

“தினமும் இதான்,” என்றார் கசாமா. குரலில் பெருமை இருந்தது.

அவர் ரொட்டியை எடுத்தார். வலது கை தானாகக் கோட்டுப் பைக்குப் போனது, மனைவியின் கண் அதைப் பின்தொடர்ந்தது, கை திரும்பி மேசைக்கு வந்தது. வேறு வழியில்லை. கடித்தார். மென்றார். விழுங்கினார். என் ஆயுளில் பலபேர் சாப்பிடப் பார்த்திருக்கிறேன். ஒருவர் இவ்வளவு வீரமாகச் சாப்பிட்டதைப் பார்த்ததில்லை. நாலாவது வாய்க்கு அவர் கண்ணில் நீர் கோத்துவிட்டது. அதைப் பார்த்த மாஸ்டருக்கும் கண் கலங்கியது. கேட்காமல் வைத்ததற்கு இவ்வளவு நெகிழ்ந்து போவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ரிட்சுகோ கையை நீட்டி, மீதி ரொட்டியைக் கணவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஒரு வாய் தின்று பார்த்தார். இன்னொரு வாய் தின்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, இது டப்பாப் பூரணம் இல்லையே, யார் செய்தது என்று கேட்டார். சுமியே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“புது வருஷத்துக்கு எங்க வீட்டுல காராமணிக் கஞ்சி வெப்பேங்க,” என்றார் ரிட்சுகோ. “கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து இவரு கிண்ணத்தை என் பக்கம் தள்ளிட்டுதான் இருக்காரு. வாசனையே ஆகாது. நீங்க இதுல என்ன மருந்து போட்டீங்க?”

கடையில் ஒரு செய்தித்தாள் கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

சுமியே கசாமாவைப் பார்த்தார். “ஆகாதா? தினமும் தட்டைக் காலி பண்ணிட்டுப் போனீங்களே.”

கசாமா ஒரு கணம் என் பக்கம் பார்த்தார். நான் என் காபியைப் பார்த்தேன். காபி நன்றாக இருந்தது.

அவர் எழுந்து நின்று இடுப்பு வரை குனிந்தார். இவ்வளவு நாளாகச் சிரமம் கொடுத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றார். மாஸ்டர் அவரைவிட ஆழமாகக் குனிந்தார். மன்னிப்பு நான்தான் கேட்க வேண்டும், முதல்நாளே பட்டையைக் கழற்றியிருக்க வேண்டும் என்றார். எந்தப் பட்டை என்று குனிந்தபடியே கசாமா கேட்டார். குனிந்தபடியே மாஸ்டர் விவரம் சொன்னார். எண்ணெயடுப்பு, கருகல், அளவு சரியாக இருந்த பட்டை. நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள், உங்கள் ஒருவருக்காகத்தான் அடுப்பேற்றினோம் என்ற இடத்துக்கு வந்ததும் கசாமா இன்னும் தாழ்ந்தார். ஒருவர் நிமிர்ந்தால் மற்றவரின் மன்னிப்பை ஏற்றுக்கொண்டதாகிவிடும், அதனால் இருவரும் நிமிரவில்லை. சுமியேவும் சேர்ந்து குனிந்துவிட்டார். எனக்குமே முதுகு லேசாக வளைந்தது.

“போதும், நிமிருங்க,” என்றார் தோமிகோ சான். “தலையோட தலை மோதி ஆஸ்பத்திரிக்குப் போனா அங்க வேற மன்னிப்புக் கேட்டுட்டு நிப்பீங்க.”

நிமிர்ந்தார்கள். கசாமாவின் முகம் வெளிறியிருந்தது. அவருக்கு எல்லாம் போயிற்று. கேட்காமல் வந்த தட்டு ஒரே ஒருமுறை வந்து, வந்த வேகத்தில் உடைந்துவிட்டது. அதுவும் யாருக்குக் காட்ட வேண்டுமோ அவர் கண்முன். மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலுக்குப் புறப்படுவார் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சுமியேவின் முகமோ தெளிந்திருந்தது. அதை மறைக்க அவர் முயன்றார், முடியவில்லை.

“அப்ப நாளையிலேர்ந்து வேண்டாம்தானே? நீங்க சொன்னாப் போதும்.”

மாஸ்டர் அதற்குள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, சுவரிலிருந்து பட்டையைக் கழற்றிவிட்டார். கருகல் வெளியே தெரிந்தது. நான் நினைத்ததைவிடச் சிறியது.

ரிட்சுகோ மீதி ரொட்டியைத் தின்று முடித்திருந்தார். தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த பூரணத்தைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தார்.

“வேண்டாம்னா எப்படிங்க? நான் இங்க குடி வந்தா எனக்கு யாரு செஞ்சு குடுப்பாங்க?”

கசாமா மனைவியைப் பார்த்தார்.

“என்ன பாக்குறீங்க?” என்றார் ரிட்சுகோ. “முப்பது வருஷமா நான் சமைச்சது ஒண்ணு பிடிக்கலைன்னா, பிடிக்கலைன்னு சொல்லித் தள்ளிவெச்ச மனுஷன் நீங்க. யாரோ ஒருத்தர் மனசு நோகக்கூடாதுன்னு தினமும் முழுங்கியிருக்கீங்க. உங்களை இப்படி ஆக்கின ஊரு எதுன்னு நானும் இருந்து பாக்கணும்ல.”

கசாமா தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். தினமும் தட்டைக் காலி செய்த மனிதரை மிமோசாவே அன்று புதுக் கண்ணோடு பார்த்தது. தோமிகோ சான்கூட, இது நல்ல ஆள்தான் போலிருக்கிறது என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டார். நான் என் கோடியில் உட்கார்ந்திருந்தேன். பையில் கிடப்பது என் தொழில், தட்டில் கிடப்பது அவர்கள் தொழில்.

மாஸ்டர் நாற்காலியின் மேலேயே நின்றுகொண்டிருந்தார், கையில் பட்டையோடு. மனைவியைப் பார்த்தார். சுமியே ஒரு நீண்ட மூச்சு விட்டார். சர்க்கரை போதுமா, இன்னும் கொஞ்சம் குறைக்கலாமா என்று ரிட்சுகோவிடம் கேட்டார். ஒரு சிட்டிகை உப்பு கூட்டலாம் என்று ரிட்சுகோ சொன்னார். உப்புப் போட்டுத்தான் இருக்கிறது என்றார் சுமியே. இன்னும் ஒரு சிட்டிகை என்றார் அவர். இருவரும் பேசிக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டார்கள். மாஸ்டர் பட்டையை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு இறங்கினார்.

பிறகு கசாமாவின் பக்கத்தில் வந்து நின்றார். அந்தக் கேள்வியை அவர் முதல்முறையாக உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

“கசாமா சான், உங்களுக்கு என்ன குடுக்கட்டும்?”

கசாமா யோசித்தார். சுவரைப் பார்த்தார், என் தட்டைப் பார்த்தார், தோமிகோ சானின் தட்டைப் பார்த்தார். இத்தனை மாதமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து, தனக்கு என்ன பிடிக்கும் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. மாஸ்டர் பொறுமையாகக் காத்திருந்தார். காபி ஆறியது.

“வெண்ணெய் கம்மியா, ரொட்டி தடிமனா, முட்டை அரை வேக்காடு,” என்று சமையலறையிலிருந்து ரிட்சுகோவின் குரல் வந்தது. “அதான் அவருக்குப் பிடிக்கும்.”

மாஸ்டர் தலையசைத்துவிட்டுப் போனார். தட்டு வந்தது. கசாமா சாப்பிட்டார். நன்றாக இருக்கிறதா என்று நான் கேட்டேன். அவர் மென்றுகொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். ஆமாம், எனக்குப் பிடித்தது இதுதான் போலிருக்கிறது என்றார்.

ஆனி மாத மழைக்கு முன்னால் ரிட்சுகோ குடி வந்துவிட்டார். பாட்டுக் குழுவை விட்டுவிட்டு வந்தவர், ஒரு மாதத்துக்குள் தோமிகோ சானின் கடைக்கு மேல்மாடியில் புதிதாக ஒன்றை ஆரம்பித்துவிட்டார். சட்டைகளோடு இப்போது மேசை விரிப்பும் பெண்களின் மேலங்கியும் சேர்ந்தே என் கடைக்கு வருகின்றன. மிமோசாவில் அவருக்குக் கேட்காமலே பூரண ரொட்டி வருகிறது. மூன்றாம் நாளே வந்தது. கசாமாவையும் மாஸ்டர் இப்போது எதுவும் கேட்பதில்லை. உட்கார்ந்ததும் தட்டு வந்துவிடுகிறது. வேறு ஏதாவது மாற்ற வேண்டுமானால் மாஸ்டர் ரிட்சுகோவிடம் கேட்டுக்கொள்கிறார்.